பூப்பறிக்கும் கை: மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வந்த நிணநீர் வீக்கமும் செவிலியர் கவனிப்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வலது கை வீங்கி வந்த அந்தப் பெண் கொண்டுவந்த மஞ்சள் பையில் இரண்டு வருடத்துக் காகிதங்கள் இருந்தன. பயாப்சி முடிவு, அறுவைக் குறிப்பு, கீமோ அட்டை, கதிர்வீச்சுப் பதிவு, எக்கோ, ரத்தப் பரிசோதனைகள் என எதுவும் தொலையாமல் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் நான் தேடியது ஓர் எண்ணைத்தான்: அறுவைக்கு முன்பு அவருடைய வலது கையின் சுற்றளவு. அது எந்தத் தாளிலும் இல்லை. ரத்த அணுக்களைத் திரும்பத் திரும்ப எண்ணியிருந்தோம், கையை ஒருமுறைகூட அளக்கவில்லை. அவருக்குச் சிகிச்சை நடந்தது வேறு மருத்துவமனையில்தான். ஆனாலும் ‘எண்ணியிருந்தோம்’ என்றே எழுதுகிறேன், ஏனென்றால் நான் வேலை பார்த்த வார்டுகளிலும் வழக்கம் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கையைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்டவை அனைத்தும் ‘செய்யாதே’ என்று முடிந்தன. அந்தச் ‘செய்யாதே’க்கள் அவர் கையை எப்படிக் கெடுத்தன, மறுபடி அதை வேலைக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதம் பெற்றிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

பின்னணி

52 வயது. நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை அனுப்பும் கிராமங்களுள் ஒன்றில் பூப்பறிக்கும் கூலி வேலை செய்தவர். மொட்டு விரிவதற்குள் பறித்தால்தான் விலை. அதனால் விடிவதற்கு முன்பே டார்ச் விளக்குடன் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு மொட்டையும் கட்டைவிரல் நகத்தாலும் ஆள்காட்டி விரலாலும் காம்போடு கிள்ள வேண்டும். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான கிள்ளல்கள். அவருக்கு வலது கைப் பழக்கம்.

வலது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகத்துடன், திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் பாதையில் உள்ள அக்குள் நிணநீர் முடிச்சுகளும் அகற்றப்பட்டன. எடுத்த 17 முடிச்சுகளில் நான்கில் நோய் இருந்தது. பிறகு எட்டுச் சுற்றுக் கீமோ, அதில் கடைசி நான்கு டாக்சேன் வகை. அதன் பின் மார்புச் சுவருக்கும் காறை எலும்பின் மேற்பகுதிக்கும் கதிர்வீச்சு, 15 நாட்கள். அவருடைய சொல்லில் ‘கரண்ட் வைத்தார்கள்’. இப்போது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. சர்க்கரை நோய் ஏழு வருடமாக இருக்கிறது.

நிணநீர் வீக்கம் வருவதற்கான காரணங்களை ஒரு பாடப்புத்தகத்தில் வரிசைப்படுத்தினால், அக்குள் முடிச்சுகள் முழுவதும் எடுத்தது, அந்தப் பகுதிக்குக் கதிர்வீச்சு, டாக்சேன் மருந்து, உடல் பருமன், தோல் தொற்று என்று போகும். முதல் மூன்றும் சிகிச்சை முடிந்த அன்றே அவரிடம் இருந்தன. மீதி இரண்டும் பிறகு வந்து சேர்ந்தன. 2013இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, அக்குள் முடிச்சுகளை முழுவதும் அகற்றியவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்குக் கை வீக்கம் வருகிறது. மார்பகத்தின் நிணநீர் முதலில் சென்று சேரும் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் அது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. ஐந்தில் ஒருவருக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்கு, ஓர் இஞ்ச் டேப்பை எடுக்க நமக்கு மனம் வராமல் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

வீக்கம் வந்த வழி

‘அந்தக் கையில் எடை தூக்காதீர்கள், ஊசி போட விடாதீர்கள், பிரஷர் பார்க்க விடாதீர்கள், வேலை எதுவும் வேண்டாம்.’ வீட்டுக்குப் போகும் நாளில் கேட்டதை ஒரு வார்த்தை மாறாமல் என்னிடம் ஒப்பித்தார். அவர் கேட்டபடியே நடந்தவர். முந்தானைக்குள் கையை மடக்கி மார்போடு ஒட்டியே வைத்திருந்தார். தலை சீவுவது, கொடியில் துணி போடுவது, மாவு பிசைவது எல்லாம் இடது கைக்கு மாறின. ஓராண்டில் தோள் இறுகிப்போனது. வேலை நின்றதால் எடை ஒன்பது கிலோ கூடியது. கூலியும் போயிற்று.

அறுவைக்குப் பின் 14ஆம் மாதம் வளையல் இறுகியது. மாலையில் கை ‘கனக்கும்’, காலையில் எழுந்தால் வடிந்திருக்கும். நிணநீர் வீக்கத்தின் முதல் நிலை அப்படித்தான் இருக்கும். கையை உயர்த்தி வைத்தால் குறையும், விரலால் அழுத்தினால் குழி விழும். அப்போது வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் காலையில் வடிந்துவிடும் ஒன்றை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. சில வாரங்களில் வளையல் கழற்ற முடியாதபடி சதைக்குள் பதிந்துவிட, பொற்கொல்லரிடம் போய் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கணவர் உயிரோடு இருக்கும்போது கைவளையை வெட்டுவதா என்று மாமியார் அழுததை, நோய் வந்த நாளைவிடத் துல்லியமாக நினைவு வைத்திருந்தார்.

அதன் பிறகு வைத்தியங்கள் தொடங்கின. மாமியார் தினமும் இரவில் நல்லெண்ணெய் காய்ச்சித் தோளிலிருந்து விரல் நோக்கி அழுத்தி உருவிவிட்டார். பக்கத்து மருந்துக்கடையில் நீர் மாத்திரை வாங்கினார்கள். ஊரில் ஒருவர் ‘இது யானைக்கால் நோய்தான், கையில் வந்திருக்கிறது’ என்று சொல்ல, அந்தப் பேச்சு பரவி, தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் தள்ளி நிற்கத் தொடங்கினார்கள். புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட அப்படித் தள்ளி நிற்காதவர்கள்.

இதைத் தவறான பேச்சு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் வடிகால் கெட்டுப்போன ஓர் உறுப்பு எதனால் கெட்டாலும் ஒரே மாதிரிதான் வீங்குகிறது. கொசு மூலம் வரும் புழு நிணநீர்க் குழாய்களைச் சிதைக்கிறது. நம் அறுவையும் கதிர்வீச்சும் அவற்றை வெட்டியும் இறுக்கியும் விடுகின்றன. மார்பக அறுவையின் முன்னோடியான வில்லியம் ஹால்ஸ்டெட்டே 1921இல் இந்தக் கை வீக்கத்துக்கு ‘அறுவையால் வந்த யானைத்தோல் நோய்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். ஊர்க்காரர்கள் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தவறு. மருத்துவர் இரவில் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார், ஏனென்றால் அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும். புழு இல்லை என்று வந்த அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். குழாயடிக்குக் கொண்டுபோய்க் காட்டினீர்களா என்று கேட்டேன். ‘காட்டினேன், யாருக்குப் படிக்கத் தெரியும் சிஸ்டர்’ என்றார்.

18ஆம் மாதம் வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்தது. எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலில் மாட்டிக்கொண்டார். மறுநாள் மாலை குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல். இரவுக்குள் முன்கை முழுவதும் சிவந்து, தொட்டால் நெருப்பாகச் சுட்டது. தோலடித் திசுவின் பாக்டீரியாத் தொற்று அது. நிணநீர் தேங்கிய கையில் புரதம் நிறைந்த நீர் நிற்கிறது, காவல் அணுக்களோ ஓட்டமின்றி முடங்கியிருக்கின்றன. ஒரு சிறு கீறலில் நுழையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா அங்கே சில மணி நேரத்தில் பரவிவிடும். சிறிய மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றார்கள். கீமோவால் இடது கை நரம்புகள் இறுகிக் கயிறு போலாகிவிட்டிருந்தன, ஊசி ஏறவில்லை. வலது கையில் போட அவர் விடவே இல்லை. ‘அந்தக் கையில் போடக் கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்’ என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் காலில் நரம்பு தேடி மருந்து ஏறும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

நம் அறிவுரை ஒருவரின் உயிர்காக்கும் மருந்தைப் பல மணி நேரம் தாமதப்படுத்தியது. இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறையும் தொற்று வந்தது. ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களில் சிலவற்றைத் தழும்பாக்கிவிட்டுப் போகும். அதனால் வீக்கம் கூடும், கூடிய வீக்கம் அடுத்த தொற்றை அழைக்கும். 22ஆம் மாதம் எங்களிடம் வந்தார்.

பரிசோதனை

கை மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு கிரேப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டுக்கு வெளியே இருந்த புறங்கை இட்லி போல உப்பியிருந்தது. கட்டை அவிழ்த்ததும் முன்கையில் வரிவரியாகப் பள்ளங்கள். வலி பத்துக்கு நான்கு என்றார். ‘வலியைவிடப் பாரம்தான், செங்கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி’ என்றார்.

புதிதாக வீங்கிய அல்லது திடீரென்று பெரிதான கையைப் பார்த்ததும் கட்டுப்போட இறங்கக் கூடாது. புற்றுநோய் திரும்பியிருக்கலாம், ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு இருக்கலாம். மருத்துவர் அக்குளையும் கழுத்தையும் பரிசோதித்து, ஸ்கேனும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் எடுத்து இரண்டும் இல்லை என்று உறுதி செய்தார். இதயம், சிறுநீரகம் சரியாக இருந்தன. கடைசித் தொற்றுக்கான மாத்திரை முடிந்து, சிவப்பும் சூடும் அடங்கிப் பத்து நாள் ஆன பிறகே கட்டு தொடங்குவது என்று முடிவானது.

இரு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ. இடைவெளியில் 40 செ.மீ. உயரம் வரை சுற்றளவு எடுத்தேன். ஒவ்வொரு இடைவெளியையும் நுனி வெட்டிய கூம்பாகக் கொண்டு கனஅளவு கணக்கிடலாம். இடது கை 2060 மி.லி., வலது கை 2670 மி.லி. வித்தியாசம் 610 மி.லி., அதாவது ஏறக்குறைய 30 விழுக்காடு. 200 மி.லி. அல்லது 10 விழுக்காடு கூடினாலே வீக்கம் என்று கொள்வது வழக்கம். புறங்கையை எட்டு வடிவில் டேப் சுற்றித் தனியாக அளந்தேன். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு வலது கை இயல்பிலேயே சற்றுப் பருமனாக இருக்கும். அந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பதைத்தான் அறுவைக்கு முன் எடுத்திருக்க வேண்டிய அளவு சொல்லியிருக்கும்.

நடுவிரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்க முடியவில்லை. ராபர்ட் ஸ்டெம்மர் 1976இல் சொன்ன அறிகுறி இது, அவர் பார்த்தது கால்விரலில். முன்கையில் அழுத்தினால் குழி விழுந்தது. மேற்கையின் உட்புறம் ரப்பர் போலக் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. கையை உயர்த்தி வைத்தும் குறையவில்லை. இரண்டாம் நிலை. தோளை முன்புறமாக 100 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை. நாடித்துடிப்பு சரி, விரல்களில் லேசான மதமதப்பு. எடை 71 கிலோ, உயரம் 152 செ.மீ. நகக்கண்களில் வெடிப்பு, விரலிடுக்கில் ஈரம் தங்கிய வெண்மை.

படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றை நான் எப்போதும் கேட்பதுண்டு: இந்தக் கை முன்பு என்ன செய்துகொண்டிருந்தது? அதுவரை தலைகுனிந்து பதில் சொன்னவர் நிமிர்ந்தார். மொட்டைக் கிள்ளும் விதத்தை இடது கையால் காட்டினார். பருவத்தில் தன் வரிசையை மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டு அடுத்தவர் வரிசைக்கும் கை கொடுப்பாராம். மறுபடி பறிக்க முடியுமா என்று அவர் கேட்கவில்லை. முடியாது என்ற பதிலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அவர்.

அன்று நான் எழுதிய கவனிப்புத் திட்டத்தில் வீக்கம், தொற்று அபாயம், தோள் இறுக்கம், உடல் தோற்றம் குறித்த கூச்சம், தவறான தகவல் ஆகியவை இடம்பெற்றன. இலக்கு என்ற கட்டத்தில் ‘கனஅளவு வித்தியாசத்தைப் பாதியாகக் குறைத்தல்’ என்று எழுதி, அதன் கீழே ‘பூப்பறித்தல்’ என்றும் எழுதினேன்.

மூன்று வாரம்

நிணநீர் வீக்கத்துக்கு இன்று உலகெங்கும் நிலைபெற்ற சிகிச்சை நான்கு வேலைகள் சேர்ந்தது: தோல் பராமரிப்பு, மென்மையான நிணநீர் வடிப்பு, பல அடுக்குக் கட்டு, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி. முதலில் தினசரித் தீவிரக் கட்டம், பிறகு வாழ்நாள் பராமரிப்பு. நான்கும் சம எடை கொண்டவை அல்ல. என் அனுபவத்தில் முக்கால் பங்கு வேலையைச் செய்வது கட்டு. இதுவரை வந்த ஆய்வுகளும் வடிப்பு கட்டுக்குத் துணை என்ற அளவில்தான் நிற்கின்றன.

நீர் மாத்திரையை மருத்துவர் முதல் நாளே நிறுத்தினார். அது தண்ணீரைத்தான் வெளியேற்றும். தேங்கிய புரதம் திசுவிலேயே தங்கி, மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும்.

தினமும் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம் செய்து, திங்கள் முதல் சனி வரை 18 நாட்கள் வந்தார். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்தல், தேங்காய் எண்ணெய் மெல்லப் பூசுதல். இது அற்ப வேலையாகத் தோன்றும். யானைக்கால் நோயாளிகளிடம் பணியாற்றியவர்கள் நமக்குத் தந்த பாடம் இது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் மருத்துவர் ஜெரூசா டிரேயர் தலைமையிலான குழு, அந்தக் கால்கள் மேலும் மேலும் பெருக்கக் காரணம் திரும்பத் திரும்ப வரும் பாக்டீரியாத் தொற்றுதான் என்றும், சோப்பும் தண்ணீரும் அதைத் தடுக்கும் என்றும் காட்டியது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் யானைக்கால் நோயாளிகளுக்கு வாளியும் குவளையும் சோப்பும் துண்டும் கொடுப்பதன் பின்னால் இருப்பது இந்த அறிவு. புற்றுநோய்ப் பிரிவுகளில் வேலை பார்க்கும் நாம் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

வடிப்புக்கு மாமியாரையும் வரவழைத்தேன். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் வகுத்த முறை இது. முதலில் கழுத்து, பிறகு எதிர்ப்பக்க அக்குள், அதே பக்க இடுப்பு மடிப்பு என்று நல்ல வடிகால்களைத் திறந்துவிட்டு, அதன் பின்தான் வீங்கிய கைக்கு வர வேண்டும். கையிலும் முதலில் தோள் பக்கம், கடைசியில்தான் விரல். தோலை மட்டும் நகர்த்தும் அளவு அழுத்தம் போதும். மாமியார் இத்தனை மாதங்களாக எதிர்த்திசையில், எண்ணெய் வழுக்க, தசை நோக உருவிக்கொண்டிருந்தார். தவறு என்று சொன்னால் உடைந்துவிடுவார் என்று தெரிந்தது. ‘பெரியம்மா, வாய்க்கால் அடைத்திருக்கும்போது மேல்மடைத் தண்ணீரைத் தள்ளினால் என்ன ஆகும்?’ என்று கேட்டேன். ‘கரை உடையும். கடைமடையை முதலில் திறக்க வேண்டும்’ என்றார் உடனே. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு நிணநீர் பற்றி அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் அவர் விரல்களின் அழுத்தம் என்னுடையதைவிட இதமாக இருந்தது.

கட்டுக்குக் கிரேப் பேண்டேஜ் ஆகாது. அது நன்றாக நீளும் வகை. ஓய்வில் இருக்கும்போது இறுக்கும், தசை வேலை செய்யும்போது விட்டுக்கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. குறைவாக நீளும் பேண்டேஜ் ஓய்வில் தளர்வாக இருந்து, தசை சுருங்கும்போது சுவர் போல எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பில்தான் நிணநீர் மேலே தள்ளப்படுகிறது. முதலில் மெல்லிய பருத்திக் குழாய்த்துணி, விரல்களுக்கு ஒவ்வொன்றாகக் காஸ் துணி, பிறகு பஞ்சுப் படுகை, அதன் மேல் 6, 8, 10 செ.மீ. அகலப் பேண்டேஜ்கள். விரலில் அழுத்தம் கூடுதலாகவும் தோளை நோக்கிக் குறைந்தும் போக வேண்டும். கட்டி முடித்ததும் ஒவ்வொரு நகத்தையும் அழுத்திவிட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பேன். வீட்டில் விரல் நீலமானாலோ மரத்தாலோ அவிழ்த்துவிடச் சொல்லி, அதை அவரைக் கொண்டே செய்து காட்ட வைத்தேன்.

சித்திரை வெயில். ஐந்தாம் நாள் கட்டில்லாமல் வந்து நின்றார். இரவில் வியர்த்து அரித்துத் தாங்க முடியாமல் அவிழ்த்துவிட்டாராம். நான் குரலை உயர்த்திவிட்டேன். ஒரு நாள் கட்டு போனால் இரண்டு நாள் உழைப்பு போகும் என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அன்று கையைக் கழுவும்போது பார்த்தேன், பஞ்சுப் படுகை இருந்த இடமெல்லாம் வேர்க்குரு. குற்றம் என்னுடையது. வெயிலுக்கு ஏற்றபடி பருத்தி உள்துணியைக் கூட்டாமல், ஒற்றைத் துணியின் மேலேயே செயற்கை இழைப் பஞ்சை வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். உள்துணியை இரட்டையாக்கி, படுகையை மெலிதாக்கி, மாலையில் கட்டின் மேல் ஈரத்துணி போட்டு விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னேன். அதன் பிறகு ஒரு நாளும் அவர் கட்டை அவிழ்க்கவில்லை.

பேருந்தில் கட்டைப் பார்த்து ஆளாளுக்கு விசாரித்தார்களாம். முதலில் ‘கீழே விழுந்துவிட்டேன்’ என்று சொல்லிவந்தவர், இரண்டாம் வாரத்தில் ‘கேன்சர் வந்து ஆபரேஷன் செய்த கை, நீர் வடிய வைத்தியம்’ என்று சொல்லத் தொடங்கினார். அதை என்னிடம் சொன்ன நாளில் முந்தானை இடுப்பில் செருகியிருந்தது, கை வெளியே இருந்தது.

பயிற்சி கட்டோடுதான். மூச்சை ஆழமாக இழுத்து விடுதல், விரல்களை முஷ்டியாக மடக்கி விரித்தல், சுவரில் விரல்களால் ஏறுதல், பிறகு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில். பாட்டிலைக் கொடுத்ததும் பயந்துபோய்ப் பின்வாங்கினார். எடை தூக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள்! அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வை அவருக்குப் புரியும்படி சொன்னேன். ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதியினர் கையை அழுத்திப் பிடிக்கும் உறை அணிந்து, வாரம் இருமுறை, மிக மெதுவாகக் கூட்டி எடை தூக்கினார்கள். அதனால் அவர்கள் கை பெருக்கவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது தூக்காதவர்களில் 29 விழுக்காடு, தூக்கியவர்களில் 14 விழுக்காடு. ‘அப்படியென்றால் இவ்வளவு நாள் நான் கையைக் கட்டிப்போட்டது?’ என்றார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான். ‘நாங்கள் தவறாகச் சொல்லிக் கொடுத்தோம் அக்கா.’

ஊசி, பிரஷர் பற்றியும் பேசினோம். பாஸ்டனில் 632 பெண்களைத் தொடர்ந்து அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் எடுப்பதோ ஊசியோ பிரஷர் பார்ப்பதோ விமானப் பயணமோ கை வீக்கத்தோடு தொடர்புபடவில்லை. தொடர்புபட்டவை அக்குள் அறுவை, நிணநீர்ப் பகுதிக் கதிர்வீச்சு, கூடுதல் உடல் எடை, தோல் தொற்று. ஏற்கெனவே வீங்கிய கை என்பதால் முடிந்தவரை மறுகையைத் தேர்வதே நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவசரத்தில் வேறு நரம்பு இல்லையென்றால் சுத்தமாகத் துடைத்து அந்தக் கையிலேயே போடலாம், உயிர் முக்கியம். இதை மருத்துவரிடம் கையெழுத்து வாங்கித் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

18ஆம் நாள் வலது கை 2290 மி.லி. வித்தியாசம் 610இலிருந்து 230ஆக இறங்கியிருந்தது. தோள் 145 டிகிரி வரை ஏறியது.

உறையும் பூக்கூடையும்

அளவு அசையாமல் நின்றதும் உறைக்கு அளவெடுத்தோம். இரண்டாம் வகுப்பு அழுத்தம், அதாவது 23 முதல் 32 மி.மீ. பாதரசம். புறங்கையும் வீங்கியிருந்ததால் விரல் நுனி திறந்த கையுறையும் சேர்த்து. புறங்கையை விட்டுவிட்டுக் கைக்கு உறை மட்டும் போட்டால், முன்பு கிரேப் பேண்டேஜில் நேர்ந்ததுதான் திரும்பவும் நேரும். ஒன்றைத் துவைக்கும்போது மற்றொன்றைப் போட வேண்டும் என்பதால் இரண்டு சோடி. ஆறு மாதத்தில் அழுத்தம் தளர்ந்துவிடும், புதிதாக வாங்க வேண்டும். இந்தச் செலவைக் குடும்பம்தான் தன் கையிலிருந்து கொடுத்தது. வீக்கத்தைவிட இந்தச் செலவால் சிகிச்சையைக் கைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உறை அவர் உடலோடு சேர்ந்த உறுப்பு போன்றது, கண்ணாடி போல, செயற்கைக் கால் போல. அறுவைக்கும் கீமோவுக்கும் பணம் கிடைக்கும் ஒருவருக்கு, அவற்றின் விளைவைத் தாங்கும் உறைக்கும் கிடைக்க வேண்டும்.

பூப்பறிக்கும் விஷயத்தில் என்னிடம் தயாரான விடை இல்லை. நகத்தால் கிள்ளும் வேலையில் நகக்கண் வெடிக்கத்தான் செய்யும், அங்கேதான் முதல் தொற்றே நுழைந்தது. மொத்தக் கையையும் மூடினால் மொட்டு பிடிபடாது. அவரே வழி கண்டுபிடித்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிளாஸ்திரி சுற்றி, அழுத்தக் கையுறைக்கு மேல் மெல்லிய பருத்திக் கையுறையின் அந்த இரண்டு நுனிகளை மட்டும் வெட்டிப் போட்டுக்கொண்டார். எங்கள் வார்டு வாசலில் இருந்த செடியில் கிள்ளிக் காட்டினார். வேகம் குறைவு, ஆனால் மொட்டு நசுங்கவில்லை.

சேர்ந்து சில உடன்பாடுகள் செய்துகொண்டோம். முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு வாரத்துக்கு அரை மணி கூட்டுவது. நடுநடுவே கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை முஷ்டியாக மடக்குவது. பூச்சிமருந்தடித்த அன்று தோட்டத்தில் இறங்குவதில்லை. கூடை இடது இடுப்பில். வரப்பை விட்டு ஏறியதும் கையில் கொண்டுபோகும் சோப்பாலும் பாட்டில் தண்ணீராலும் கழுவித் துடைப்பது. தோல் வெடித்தால் களிம்பு, எலுமிச்சம்பழம் கிடையாது. காய்ச்சல், சிவப்பு, திடீர் வலி மூன்றில் ஒன்று வந்தாலும் உறையைக் கழற்றிவிட்டு, மருத்துவர் முன்கூட்டி எழுதிக் கொடுத்துக் கையிருப்பில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கி, அன்றே புறப்பட்டு வருவது. சர்க்கரையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது.

உறை தொற்றையும் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கால் வீக்கத்தோடு திரும்பத் திரும்பத் தொற்று வந்த 84 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், அழுத்த சிகிச்சை பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் தொற்று மீண்டும் வந்தது. அது காலில் நடந்த ஆய்வு. கைக்கும் அதே வழியில்தான் நான் யோசிக்கிறேன்.

ஒன்பது மாதம்

மூன்றாம் மாதம் வித்தியாசம் 220 மி.லி. தினம் மூன்று மணி நேரம் பறித்துக்கொண்டிருந்தார். வேலையைத் தொடங்கியதால் கை பெருக்கவில்லை என்பதை டேப்பில் அவரே படித்துப் பார்த்தார். எண்களைத் தனி நோட்டில் மகன் எழுதி வைக்கிறான். எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. குழாயடியில் ஒருத்தி உறையைத் தொட்டுப் பார்த்து விலை கேட்டாளாம்.

ஆறாம் மாதம் புது உறை வாங்கப் பணம் புரளவில்லை. பழையதையே ஐந்து வாரம் கூடுதலாகப் போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. வித்தியாசம் 310 மி.லி. வரை ஏறியது. ஒரு வாரம் மறுபடி கட்டுப்போட்டோம், 240க்கு வந்தது. வீக்கத்தின் அளவைத் தவறாமல் பதிந்த நான், உறை வாங்கிய தேதியைப் பதியவில்லை. இப்போது எல்லா நோயாளிகளின் அட்டையிலும் அந்தத் தேதிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறோம், ஐந்தாம் மாதமே பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

எட்டாம் மாதம் ஓர் இரவு முன்கையில் உள்ளங்கையளவு சிவப்பும் குளிரும். உறையைக் கழற்றி, கையிருப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விடியற்காலை முதல் பேருந்தில் வந்துவிட்டார். மருத்துவர் ஓர் ஊசி மருந்து சேர்க்கச் சொன்னார். இடது கையில் இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பணியில் இருந்த இளம் செவிலியரிடம் நீட்டி, வலது கையின் சிவக்காத பக்கத்தைக் காட்டினார். மருந்து ஏறியது. தங்க வேண்டிய தேவை வரவில்லை, மாலையே வீடு திரும்பினார்.

ஒன்பதாம் மாத அளவு: இடது 2040, வலது 2280. தோள் 160 டிகிரி. வலது கையில் வளையல் இல்லை, உறைக்கு மேல் போட்டால் துணி கிழியும் என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார். இடது கையில் இரண்டு மடங்கு அடுக்கியிருக்கிறார். மல்லிகைப் பருவம் மறுபடி தொடங்கி வேலை கூடும் மாதங்களில் கை எப்படி இருக்கிறது என்பதை இனிதான் பார்க்க வேண்டும். எங்கள் அறுவைப் பிரிவில், மார்பக அறுவைக்குப் பெயர் எழுதும் நாளிலேயே இரு கைகளையும் அளந்து கோப்பின் முதல் பக்கத்தில் எழுதும் வழக்கம் தொடங்கியிருக்கிறது. அந்தப் படிவத்தில் கடைசி வரி: ‘இந்தக் கை என்ன வேலை செய்கிறது?’